ட்ரெய்லரில் சோலாரும் பிரேக்கும் மாற்றி இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

எங்கள் பயண ட்ரெய்லர், அதாவது பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் வண்டி, இரட்டை அச்சு கொண்டது. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் எடைமேடையில் 2,300 கிலோ காட்டும். இழுப்பது ஒரு பிக்கப். நான், மனைவி, அக்கா, அக்கா பையன் என்று நாலு பேர் போவோம், கரண்ட் இணைப்பே இல்லாத இடமாகப் பார்த்து மூன்று நாலு நாள் தங்குவோம். அதற்காகத்தான் சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, சார்ஜர், புது பிரேக் கன்ட்ரோலர் (பிக்கப்பிலிருந்தே ட்ரெய்லர் பிரேக்கை இயக்குவது), எடை பகிரும் ஹிட்ச் (ட்ரெய்லரைப் பிக்கப்போடு கோக்கும் இணைப்பு) என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினேன். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டதால் எது உழைத்தது, எதை வாங்கியிருக்கவே வேண்டாம் என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

நான் சோலாரை ஒரு வேலையாகவும் இழுவையை வேறு வேலையாகவும் நினைத்து ஆரம்பித்தேன். அது தப்பு. பேட்டரி மாறியதும் ஹிட்ச்சில் இறங்கும் எடை மாறியது, கட்-ஆஃப் சுவிட்ச் வைத்ததும் அவசர பிரேக் செத்துப்போனது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் சாலையில்தான் கற்றுக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 200 வாட் மடக்குப் பேனல், பெட்டி மாதிரி மடிந்து கைப்பிடியோடு வருமே அந்த வகை, கண்ணாடி போட்டது. முதுகிலேயே ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரிக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது, ஒட்டியிருந்தது, கூடவே 10 மீட்டர் கேபிள். விரித்து வெயிலில் வைத்தேன், முனையை பேட்டரியில் மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. மதியத்துக்குள் "பேட்டரி ஃபுல்" என்று காட்டிவிட்டது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கு மங்க ஆரம்பித்தது. மூன்று பயணம் இப்படியே போனது, பேட்டரி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, குற்றம் ஒயருக்கு. அந்தக் கேபிள் 2.5 சதுர மி.மீ தாமிரம், போகவர 20 மீட்டர் ஆகிறது. 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரிலேயே கிட்டத்தட்ட 1.5 வோல்ட் தொலைந்துபோகும். கன்ட்ரோலர் பேனல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அது பார்ப்பது தன் வாசலில் இருக்கும் 14.4 வோல்ட்டை, பேட்டரியிலோ அப்போது 12.9தான். பேட்டரி நிரம்பிவிட்டது என்று நம்பி அது கரண்ட்டைக் குறைத்துவிடுகிறது. மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் இது புரிந்தது. மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கவே கூடாது என்பேன்.

தீர்வு சிக்கலானது இல்லை. முதுகில் இருந்த கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, ட்ரெய்லருக்குள்ளே பேட்டரியிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 100/20 என்ற கன்ட்ரோலரைப் போட்டேன். அந்தப் பெயரிலேயே விவரம் இருக்கிறது, பேனல் பக்கம் அதிகபட்சம் 100 வோல்ட் தாங்கும், பேட்டரிக்கு 20 ஆம்பியர் வரை தரும். எம்பிபிடி வகை. பழையது பிடபிள்யூஎம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் ஏதோ சொகுசு வசதி மாதிரி சொல்கிறார்கள், கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும். 100 வாட் பேனல் ஒன்று சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும், 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியர் என்றால் 72 வாட்தான். மீதி வீண். எம்பிபிடி அந்த அதிகப்படி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது.

கூடவே இன்னொன்று செய்தேன். மடக்குப் பேனலின் இரண்டு பாதியும் பக்க இணைப்பில் (பேரலல்) இருந்தன, அதைத் தொடர் இணைப்பாக (சீரிஸ்) மாற்றினேன். வோல்ட் இரட்டித்து 36 பக்கம் போனது, ஆம்பியர் பாதியானது, அதே 10 மீட்டர் கேபிளில் இப்போது இழப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். எதையும் இணைக்காத திறந்த நிலையில் 44 வோல்ட் வரை வரும், 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்கு அது ஒன்றுமே இல்லை. கேபிளைத் தடிமனாக்கச் செலவு செய்வதற்கு முன்னால் இதை யோசித்துப் பாருங்கள். மாட்டும்போது பேட்டரியைக் கன்ட்ரோலரில் முதலில் மாட்டுங்கள், பேனலை அப்புறம். கழற்றும்போது பேனலை முதலில் எடுங்கள். ட்ரெய்லரின் வெளிப்பக்கம் ஏற்கெனவே சோலார் சாக்கெட் இருந்தால் அதன் ப்ளஸ் மைனஸை மீட்டரில் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பிளக்குகளில் துருவம் மாறி வருவது உண்டு.

இப்போது அந்தப் பேனல் என்ன தருகிறது? உச்சி வெயிலில் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் 160 வாட் பக்கம். அதே நேரத்தில் தரையில் படுக்க வைத்தால் 130. மேகம் மூடினால் 20 முதல் 40. 200 என்ற எண்ணை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது என்றே சொல்லலாம், ஏனென்றால் அந்த அளவு 25 டிகிரி சூட்டில் சோதனைச்சாலையில் எடுத்தது. வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சுடும், ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் போய்விடும். வெயில் அதிகமாக அடித்தால் கரண்ட்டும் அதிகம் வரும் என்று நினைக்கிறோம், குளிர்ந்த காற்றோடு கூடிய தெளிவான வானம்தான் பேனலுக்கு நல்ல நாள். நிழல் இதைவிட மோசம். முன்பந்தலின் கயிற்று நிழலும் கம்பத்து நிழலும் குறுக்கே விழுந்ததில் ஒரு தடவை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, நகர்த்தி வைத்ததும் ஏறியது.

கூரையில் பதித்த பேனலா, தூக்கிவைக்கும் பேனலா என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துவோம், பேனல் மட்டும் வெயிலில் போய் உட்காரும். எங்களுக்கு அது போதும். தினமும் இடம் மாறுகிறவர்களுக்குக் கூரைதான் நல்லது, ஒவ்வொரு தடவையும் 15 கிலோவுக்கு மேல் இருக்கும் பெட்டியைத் தூக்கி இறக்குவது சலித்துப்போகும். துணி மாதிரி மடியும் பேனல் பாதி எடைதான், ஆனால் காற்றுக்கு அது நிற்காது. கண்ணாடிப் பேனலையே நான் கூடார ஆணி அடித்துக் கட்டித்தான் வைக்கிறேன். அதோடு வந்த கால்கள் மெல்லிய அலுமினியம், முதல் வருஷமே ஒன்று வளைந்துவிட்டது. இந்தப் பேனலில் எனக்குப் பிடிக்காதது அந்தக் கால்தான்.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். எங்கள் செலவுக் கணக்கை எழுதிப் பார்த்தோம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 50 ஆம்ப்-ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-ஹவர்), கூரை ஃபேன் 15, விளக்கு, தண்ணீர் பம்பு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 15. மொத்தம் 80. பம்பு ஓடும்போது 7 ஆம்பியர் இழுக்கும், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து இருபது நிமிஷம்தான் ஓடுகிறது, அதனால் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. ஹீட்டரின் ஃபேன் அப்படி இல்லை. குளிர் ராத்திரியில் ஐந்து மணி நேரம் ஓடினால் அதுவே 35, 40 சாப்பிட்டுவிடும். நல்ல வெயில் நாளில் பேனல் தருவது 55 முதல் 60. ஆக ஒவ்வொரு நாளும் 20, 25 குறையும். அந்தக் குறையைத் தாங்கத்தான் பேட்டரி.

பழைய ஈய அமிலப் பேட்டரி இரண்டு, ஆளுக்கு 100 ஆம்ப்-ஹவர், ஆளுக்கு 28 கிலோ. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் உண்மையில் கையில் இருந்தது 100தான். அதற்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரண்டு, அதே 100 ஆம்ப்-ஹவர், ஒவ்வொன்றும் 12 கிலோ. முழுதாக 200ஐயும் எடுக்கலாம், நான் 20 சதவீதத்துக்குக் கீழே விடுவதில்லை. நாலு நாள் தங்கல் இப்போது நிம்மதியாகப் போகிறது, நடுவில் ஒரு நாள் மழை பெய்தாலும் சரி.

ஆனால் லித்தியம் வாங்குவதாக இருந்தால் கூடவே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு, அதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. பேட்டரியின் உள் சூடு 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யக்கூடாது, செய்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் ட்ரெய்லரின் மூக்கில் வெட்டவெளியில் இருந்த பேட்டரியை உள்ளே முன் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்தேன். ஈய அமிலம் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அதை ஆள் படுக்கும் இடத்தில் வைக்கவே முடியாது. லித்தியம் அப்படி விடாது. அப்புறம் ட்ரெய்லரோடு வந்த பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது, லித்தியம் ஒழுங்காக நிரம்ப 14.2 முதல் 14.6 வேண்டும். அதையும் மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரியின் ப்ளஸ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ், இதில் சமரசமே வேண்டாம். எத்தனை ஆம்ப்-ஹவர் போனது, எத்தனை வந்தது என்று எண்ணிக் காட்டும் ஷன்ட் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது, கடைசி வரைக்கும் 13 பக்கமே நின்றுவிட்டுத் திடீரென்று விழும்.

கையில் தூக்கிப்போகும் பவர் ஸ்டேஷன் பெட்டி பற்றியும் பலர் கேட்கிறார்கள். கூடாரத்துக்கும் காருக்கும் நல்ல பொருள். ட்ரெய்லரில் ஏற்கெனவே பேட்டரி, ஒயரிங், ஃபியூஸ் பெட்டி எல்லாம் இருக்கும்போது பக்கத்தில் இன்னொரு பேட்டரியைத் தனியாகச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரும்பாலான பெட்டிகளின் 12 வோல்ட் வாய் 10 ஆம்பியரோடு நின்றுவிடும், ஹீட்டர் ஃபேனும் பம்பும் சேர்ந்து ஓடினால் அது போதாது. ஏசி பற்றியும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கூரை ஏசி ஓடும்போது 1,300 வாட் பக்கம் இழுக்கிறது, எங்கள் 200 ஆம்ப்-ஹவர் மொத்தமும் சேர்த்து 2,560 வாட்-ஹவர், இரண்டு மணி நேரம்கூட வராது. ஒரு மடக்குப் பேனலை நம்பி ஏசி கனவு வேண்டாம்.

இதுவரை வாங்கியதில் மின்சாரப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது பேனல் இல்லை, பிக்கப்பின் கரண்ட்டை வாங்கி ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏற்ற அளவில் தரும் டிசி-டிசி சார்ஜர்தான். பிக்கப்பிலிருந்து ட்ரெய்லருக்குப் போகும் ஏழு முனை பிளக்கில் ஒரு சார்ஜ் ஒயர் இருக்கும், வண்டி ஓடும்போதே பேட்டரி நிரம்பிவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். நான் அளந்தபோது 4 ஆம்பியர் வந்தது. மெல்லிய ஒயர், தூரம் அதிகம், புது வண்டிகளின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு ஓடிக் கரண்ட் தருவது) வேறு தன் இஷ்டத்துக்கு வோல்ட்டை இறக்கிவிடும். பிக்கப் பேட்டரியிலிருந்து 16 சதுர மி.மீ கேபிள் தனியாக இழுத்து, பின்னால் அதிகக் கரண்ட் தாங்கும் ஆண்டர்சன் பிளக் வைத்து, ட்ரெய்லருக்குள் 18 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டேன். நாலு மணி நேரம் ஓட்டினால் 70 ஆம்ப்-ஹவர், அதாவது ஒரு நல்ல வெயில் நாளைவிட அதிகம், மழையில்கூட. எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நிறுத்திய இடத்தில் பிக்கப்பின் பேட்டரியை உறிஞ்சிவிடும். நன்றாகச் சுடும் பொருள், காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் தடித்த ஒயரால் நேராக இணைக்கவும் வேண்டாம், அது கேட்கிற கரண்ட்டைக் கொடுத்து ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். நடுவில் இந்த சார்ஜர் நின்று 18க்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்கிறது.

இனி இழுவைப் பக்கம். ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் ஹிட்ச் பந்தை அழுத்தும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். இதை மூக்கு எடை என்றே சொல்கிறேன். 10க்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். எங்களுடையது ஆரம்பத்தில் 310 கிலோ, 13.5 சதவீதம், நன்றாக இருந்தது. மூக்கில் இருந்த 56 கிலோ ஈயப் பேட்டரியை எடுத்துவிட்டு 24 கிலோ லித்தியத்தை அச்சுக்குக் கொஞ்சம் பக்கத்தில் உள்ளே வைத்ததும் 276க்கு இறங்கியது. 12 சதவீதம். அதுவும் சரிதான். எடை குறைந்தது என்று சந்தோஷப்பட்டு, இடம் கிடைத்ததே என்று பின்பக்கம் ஒரு தாங்கி போட்டு நாலு சைக்கிளை மாட்டினோம். தாங்கியோடு சேர்த்து 70 கிலோ, அச்சுக்குப் பின்னால் 3 மீட்டரில். பின்னால் வைத்த எடை மூக்கைத் தூக்கிவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போடவில்லை.

அன்றைக்கு அக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது, அதன் காற்று தள்ளியதும் "டேய், பின்னாடி ஏதோ ஆடுதுடா" என்றாள். கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறது. "அக்கா, பிரேக் மிதிக்காதே, காலை எடு, கன்ட்ரோலர் லீவரை மெதுவாகத் தள்ளு" என்றேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட்டாள். நாலைந்து ஆட்டத்தில் நேராக வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம்: மொத்தம் 2,370, மூக்கு 230க்கும் கீழே. 9.7 சதவீதம். சைக்கிள்கள் அங்கேயே பிக்கப்பின் முதுகுக்கு மாறின, தாங்கியைக் கழற்றிவிட்டோம்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது பிரேக் கன்ட்ரோலர்தான், அதனால் அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். முதலில் இருந்தது நேரக்கணக்கு வகை. பெடலைத் தொட்டதும் ஒரு டைமர் ஓடி, நாம் செட் செய்த அளவுக்குப் பிரேக்கை ஏற்றிக்கொண்டே போகும், நாம் மெல்ல மிதித்தோமா பலமாக மிதித்தோமா என்று அதற்குத் தெரியாது. சிக்னலில் மெதுவாக நிற்கும்போது பின்னாலிருந்து பிடித்து இழுக்கும், நிஜமாக அவசரம் என்றால் தாமதமாக வரும். பதிலாகப் போட்டது டெகோன்ஷா பிராடிஜி பி3. வண்டி எவ்வளவு வேகம் குறைகிறது என்பதை உள்ளே ஒரு சென்சார் உணர்ந்து அதற்கேற்ற அளவுக்கு ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்புகிறது. மெல்ல மிதித்தால் மெல்ல, பலமாக மிதித்தால் பலமாக. திரையில் எத்தனை வோல்ட் போகிறது என்று தெரியும், ட்ரெய்லர் இணைப்பு விட்டுப்போனாலும் சொல்லிவிடும். கனமான வண்டிக்கு ஆரம்பத்திலேயே கொஞ்சம் அழுத்திக் கொடுக்க பூஸ்ட் மூன்று நிலை, நாங்கள் முதல் நிலையில் வைத்திருக்கிறோம். கை லீவர் தடுமாறாமல் தேடி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் குடும்பத்தில் ஓட்டுகிற எல்லோரையும் உட்காரவைத்து, கை எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செட் செய்ய ஆளில்லாத சமதளத்தில் 40 கி.மீ வேகத்தில் லீவரை முழுதாகத் தள்ள வேண்டும், ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் நிற்கிற அளவுதான் சரியான அளவு. சாமான் எடை மாறினால் மறுபடியும் செட் செய்ய வேண்டும்.

இதிலும் ஒயர் பிரச்சினை இருந்தது. எங்களுக்கு நாலு சக்கரத்திலும் மின்காந்த பிரேக், ஒவ்வொன்றும் 3 ஆம்பியர், மொத்தம் 12. பிளக்கில் 12.4 வோல்ட் இருக்கும்போது பின் அச்சின் பிரேக்கில் 10.3தான் வந்தது. கம்பெனி போட்ட ஒயர் 1.5 சதுர மி.மீ. அதை 4 ஆக மாற்றி, எர்த் ஒயரையும் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தை நம்பாமல் தனியாக இழுத்து, முனைகளைத் தண்ணீர் புகாதபடி சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இப்போது 11.6. ஒரு மத்தியானம்தான் வேலை, ஆனால் பிரேக் பிடிக்கிற விதமே மாறிவிட்டது. புது டிரம், புது காந்தம் என்று செலவு செய்யலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து முதலில் சக்கரத்தில் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

மனசு கனத்துப்போனது இன்னொரு விஷயத்தில். ட்ரெய்லர் ஓடும்போது கழன்றுவிட்டால் ஒரு ஊசி உருவிக்கொண்டு வந்து, ட்ரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக்கைப் போட்டுவிடும் பிரேக்அவே சுவிட்ச் இருக்கிறதே, அது எங்களுக்கு எட்டு மாதம் வேலையே செய்யவில்லை. லித்தியம் மாட்டிக்கொடுத்த பட்டறையில் புதிதாக ஒரு மெயின் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தார்கள், பிரேக்அவே ஒயரை அந்த சுவிட்சுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் ஓட்டும்போது கட்-ஆஃப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். அதாவது எட்டு மாதமும் அந்த ஊசி வெறும் ஊசி. தற்செயலாகச் சோதித்தபோதுதான் தெரிந்தது. கேட்டதற்கு "எல்லா லோடும் சுவிட்சுக்குப் பின்னால்தானே வரும்" என்றார்கள். பிரேக்அவே ஒரு லோடு இல்லை. அது ஃபியூஸோடு நேராக பேட்டரியில் இருக்க வேண்டும், எந்த சுவிட்சும் குறுக்கே வரக்கூடாது. அதே காரணத்தால்தான் பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே விடுவதில்லை என்றேன். லித்தியத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரி காலியானால் மொத்தமாகத் துண்டித்துவிடும், அப்போது பிரேக்அவேயும் போய்விடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஏழு முனை பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசியை உருவி, சமதளத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், சக்கரம் பிடித்துக்கொண்டு இழுபட வேண்டும். உடனே ஊசியைத் திரும்பப் போட்டுவிடுங்கள், விட்டுவைத்தால் காந்தம் சுட்டு பேட்டரியும் இறங்கும்.

எடை பகிரும் ஹிட்ச் பற்றி. மூக்கு எடை பிக்கப்பின் பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து முன்பக்கத்தைத் தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகிவிடும். இந்த ஹிட்ச்சின் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் அதில் ஒரு பங்கை முன் சக்கரத்துக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் தள்ளுகின்றன. நல்ல பொருள், ஆனால் வாங்கிய இடத்தில் மாட்டிக் கொடுத்தவர் எதையும் அளக்கவில்லை, கம்பியைக் கொக்கியில் போட்டு "முடிந்தது" என்றார். வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். தரையிலிருந்து முன் சக்கரத்தின் மேல் வளைவு வரை: ட்ரெய்லர் இல்லாமல் 92 செ.மீ, கம்பி இல்லாமல் ட்ரெய்லரை மாட்டினால் 96, கம்பியோடு 95.5. அரை சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது, பெயருக்கு ஒரு ஹிட்ச். ஹிட்ச்சின் தலைப்பகுதியில் வாஷர் சேர்த்துச் சாய்வை மாற்றி 93க்குக் கொண்டுவந்தேன். ஏறியதில் பாதிக்கு மேல் இறங்கினால் நல்லது, முழுதாக 92க்கும் கீழே அழுத்திவிட்டால் பின் சக்கரத்தின் பிடி குறையும். லித்தியம் மாற்றி மூக்கு எடை குறைந்ததும் இந்த அளவையும் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இந்த ஹிட்ச் இருந்தால் பிக்கப் அதிக எடை சுமக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது உண்மை இல்லை. பிக்கப்பின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும், ஏற்றக்கூடிய எடை அப்படியேதான் இருக்கும். எங்களுடையது 680 கிலோ. மூக்கு எடை 276, நாலு பேர் 260, ஹிட்ச் 40, சைக்கிள்கள் 50, கூட்டினால் 626. விளம்பரத்தில் வரும் பெரிய இழுவை எண்ணை மட்டும் பார்த்து ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டால் பாதிப் பேருக்கு வண்டி பத்தாது என்று தெரிந்துவிடும்.

மற்றவை சின்னது. டயர் பிரஷர் சென்சார் நாலு சக்கரத்துக்கும் போட்டேன், ட்ரெய்லர் டயர் காற்று இறங்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, அதனால் இது கட்டாயம். நீட்டும் பக்கக் கண்ணாடியும் அப்படியே. சக்கரம் கழற்றி மாட்டினால் முதல் 100 கி.மீ ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பார்க்கிறேன். ட்ரெய்லரைப் பந்தில் மாட்டிப் பூட்டியதும் ஜாக்கால் மூக்கைத் தூக்கினால் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும், எழும்பவில்லை என்றால் பூட்டு உட்காரவில்லை. அக்கா பையன்தான் இப்போது இதைச் செய்கிறான், அவனுக்குப் பதினொரு வயது, நான் மறந்தாலும் அவன் மறப்பதில்லை.

இப்போது பாக்கி இருப்பது பேனலின் வளைந்த கால். சதுரக் குழாய் வாங்கி அளவெடுத்து வைத்திருக்கிறேன், காற்றில் சாய்வு மாறாமல் நிற்கிற மாதிரி மூன்று துளைகள் போட வேண்டும், அடுத்த பயணத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன்.